படநூலும் பிள்ளைக் கைகளும்



நான் ஆசிரியப் பயிற்சி பெற்று, தொடக்கப் பள்ளி ஒன்றில் ஆசிரியனாகச் சேர்ந்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். என்னிடம் பயின்றவர்கள் ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகள். அக்குழந்தைகளுக்குப் படநூல்களைத் துணையாகக் கொண்டு சித்திரப் பயிற்சி அளிப்பது எங்ஙனம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். ‘சிறு பிள்ளைகளின் கிறுக்கல் பற்றிய பேச்சு நமக்கு எதற்கு?’ என்று கல்லூரி மாணவர்கள் எண்ணலாம். உங்களுள் சிலர் ஆசிரியராவீர்கள், பலர் பெற்றோராவீர்கள். அதுமட்டுமன்று, நீங்கள் அனைவருமே ஒரு காலத்தில் சுவரிலும் தரையிலும் மகிழ்ந்து படம் வரைந்தவர்கள். பிறகு ஒருநாள், ‘எனக்கு வரைய வராது’ என்று கைவிட்டவர்கள். அந்த ஒருநாள் ஏன் வந்தது என்பதை எண்ணிப் பார்ப்பது பயனுடையதே.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். உங்கள் தெருவில் உள்ள ஒரு சிறுவனிடம் காகிதமும் வண்ணமும் தந்து, “ஓர் இயற்கைக் காட்சி வரை” என்று சொல்லுங்கள். அவன் என்ன வரைவான் என்பதை நான் இங்கிருந்தே சொல்லிவிடுவேன். முக்கோணமாக இரண்டு மலைகள். அவற்றின் நடுவே பாதி சூரியன். மலையிடையிலிருந்து வளைந்து வரும் ஆறு. கரையில் ஒரு குடிசை. அதன் அருகே ஒரு தென்னை. வானத்தில் நான்கைந்து பறவைகள். நம் நாட்டில் எந்த ஊரில் கேட்டாலும் பெரும்பாலும் இதே படந்தான் கிடைக்கும்.

நான் பணியாற்றிய பள்ளி மரக்காணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் உள்ளது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்பவர்கள் மரக்காணத்தைக் கடந்தே செல்லவேண்டும். சாலையின் ஓரத்தில் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை உப்புப் பாத்திகள் சதுரம் சதுரமாக விரிந்திருக்கும். பக்கிங்காம் கால்வாய் தன் நெடும் பயணத்தை முடித்துக்கொள்ளும் தென்கோடி அதுவே. அதை அடுத்துக் கழுவெளி என்னும் பரந்த உவர்நீர் ஏரி கிடக்கின்றது. பூநாரைகள் வந்து இறங்கும் அந்த நீர்ப்பரப்பு 2021-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று ஆய்வாளர் கூறுவர். இவ்வளவு வளம் மிக்க அக்கரையில் இல்லாத ஒன்று உண்டு, அதுதான் மலை. மலையைக் காண வேண்டுமாயின் செஞ்சிவரை மேற்கே செல்லவேண்டும். அங்கே சூரியன் மலைகளின் நடுவே உதிப்பதில்லை, கடலிலிருந்து எழுகின்றது. ஆயினும், என் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுதோறும் இரண்டு மலைகளையே வரைந்து வந்தார்கள். ஏனெனில் அவற்றைக் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் நான்.

இவ்விடத்தில் என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியவனாக இருக்கின்றேன். ஒரு பங்குனி மாதம். வகுப்பு மூன்றாம் வகுப்பு. “உங்கள் ஊரை வரையுங்கள்” என்று கூறிவிட்டு, மேசையில் அமர்ந்து பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகள் தன் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். தாளின் அடியில் கட்டங்கள் இருந்தன. ஓர் ஓரத்தில் குச்சிபோல் ஒரு பெண் உருவம் இருந்தது. மற்ற இடமெல்லாம் வெற்றாக இருந்தது. “ஏன் அம்மா, பாதியிலேயே விட்டுவிட்டாய்?” என்றேன். “முடிச்சிட்டேன் சார்” என்றாள். நான் நகைத்தேன். ‘முற்றுப்பெறவில்லை’ என்று சிவப்பு மையால் எழுதி, பத்துக்கு மூன்று மதிப்பெண் இட்டேன். அவள் தாளைப் பார்த்தாள். பிறகு மிக மெல்லிய குரலில், “அது உப்பு சார்” என்றாள். மணி அடித்தது, பிள்ளைகள் ஓடினர். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது அன்றிரவுதான். உப்பு வெண்மை, தாளும் வெண்மை. குவித்து வைத்த உப்பை வெள்ளைத் தாளில் அக்குழந்தை வேறு எப்படித்தான் வரைவாள்? அவள் வரைந்திருந்தாள்; காண எனக்குத்தான் கண் இல்லை.

அதன்பின் அவள் சித்திர வகுப்பில் இரண்டு மலைகளையே வரைந்தாள். நானும் நல்ல மதிப்பெண் தந்தேன். ஒரு குழந்தை ‘எனக்கு வரைய வராது’ என்று முடிவு செய்யும் நாள் இப்படித்தான் வருகின்றது, மாணவர்களே!

அடுத்த ஆண்டு சென்னையில் ஒரு நண்பர் இல்லத்தில் ஒரு படநூலைக் கண்டேன். ‘மரங்களின் இரவு வாழ்க்கை’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடையது. சென்னையில் உள்ள தாரா புக்ஸ் பதிப்பகம் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதன் தாள் வெள்ளையன்று, கறுப்பு. கறுப்புத் தாளின்மேல் பளிச்சிடும் வண்ணங்களில் மரங்கள் நிற்கின்றன. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கோண்டு ஓவியர்களான பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகிய மூவரும் அவற்றை வரைந்தவர்கள். கையால் செய்த தாளில், கையாலேயே திரை அச்சுப் பதித்து உருவாக்கிய நூல் அது. இத்தாலி நாட்டின் பொலோன்யா சிறுவர் நூல் சந்தையில் 2008-இல் பரிசும் பெற்றது.

அந்நூலில் நான் கற்றவை இரண்டு. முதலாவது, தாள் வெள்ளையாகத்தான் இருக்கவேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. இரண்டாவது, அவ்வோவியர்கள் தங்கள் ஊர் மண்சுவரில் தீட்டி வந்த கோடுகளையும் புள்ளிகளையுமே நூலுக்குள் கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வோர் ஓவியருக்கும் உருவத்தின் உட்புறத்தை நிரப்பும் கோலம் ஒன்று உண்டு. அதைக் கண்டே இது இன்னாருடைய கை என்று சொல்லிவிடலாம். தம் வீட்டுச் சுவரை விட்டு அகலாத அந்தக் கை, உலகெங்கும் சென்று சேர்ந்துவிட்டது.

குழந்தைக்குப் படத்தின் வாயிலாகக் கல்வி தரவேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. கொமேனியஸ் என்னும் கல்வியறிஞர் 1658-ஆம் ஆண்டிலேயே சொல்லையும் படத்தையும் அருகருகே வைத்துச் சிறுவர்க்கு நூல் செய்தார். கவி தாகூர் வங்கக் குழந்தைகளுக்காக எழுதிய பாடநூலுக்கு நந்தலால் போஸ் படம் செதுக்கித் தர, அது 1930-இல் வெளிவந்தது. சாந்திநிகேதனில் பயின்ற தேவி பிரசாத் 1944-இல் காந்தியடிகளின் சேவாகிராமத்துக்குச் சென்று, பல ஆண்டுகள் கிராமக் குழந்தைகளுக்குச் சித்திரம் கற்பித்தார். கல்விக்குக் கலையே அடிப்படை என்று நூலும் எழுதினார். இப்பெயர்களில் சில எனக்கு முன்பே தெரிந்தவைதாம். தெரிந்திருப்பது வேறு, செய்வது வேறு என்பதற்கு நானே சான்று.

நண்பரிடம் அந்நூலை இரவல் வாங்கி வந்தேன். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு பார்த்தனர். மறுநாளே எல்லோரும் கோண்டு மரங்களை வரையத் தொடங்கிவிட்டனர். நானும் மகிழ்ந்தேன். ஒரு வாரம் சென்றபின் சுவரில் ஒட்டிய படங்களைப் பார்த்தேன். நாற்பது படமும் ஒன்றுபோல் இருந்தன. இரண்டு மலை போய் ஒரு மரம் வந்தது. வேறு மாற்றம் இல்லை. படநூலைப் பார்த்து எழுதும் நகல் ஏடாக ஆக்கிவிட்டால் மிக நல்ல நூலும் கரும்பலகை மலைகளைப் போலவே கெடுதி செய்யும்.

அன்று நான் வகுத்துக்கொண்ட முறை நான்கு படிகள் கொண்டது. முதலில் நூலைத் திறந்து, பிள்ளைகள் போதும் என்னும்வரை பார்க்கவேண்டும். இரண்டாவது, நூலை மூடிப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். மூன்றாவது, வகுப்பை வெளியே அழைத்துச் செல்லவேண்டும். நான்காவது, திரும்பி வந்து வரையவேண்டும். நூலைத் திறந்து வைத்துக்கொண்டு வரைதல் கூடாது. இம்முறையில் நாங்கள் செய்த பயிற்சிகள் சிலவற்றைச் சொல்லுகின்றேன்.

முதற் பயிற்சி, நிரப்பும் கோலத்தைத் தேடுதல். “கோண்டு ஓவியர் தம் வீட்டுக் கோடுகளால் மரத்தை நிரப்பினார். நம் ஊரில் என்ன கோடுகள் உள்ளன? தேடி வாருங்கள்” என்றேன். ஒருவன் மீன் வலையின் கண்ணைக் கொண்டுவந்தான். ஒருத்தி பனையோலைப் பாயின் பின்னலைக் கொண்டுவந்தாள். மீன் செதில், வரப்பும் பாத்தியும், கால் வெடிப்பு, வாசற்கோலத்தின் புள்ளி வரிசை என்று முப்பதுக்கும் மேற்பட்ட கோலங்கள் சேர்ந்தன. கால் வெடிப்பைக் கொண்டுவந்தவன், அது தன் பாட்டியின் பாதம் என்றான். உவர்நீரில் நின்று நின்று வெடித்த பாதம். பின்பு ஒவ்வொருவரும் ஒரு பறவையையோ மீனையோ வரைந்து, தாம் கண்ட கோலத்தால் நிரப்பினர். இம்முறை எந்த இரண்டு படமும் ஒன்றுபோல் இல்லை.

இரண்டாம் பயிற்சி, உப்பால் வரைதல். கறுப்புக் கெட்டித்தாள் வாங்கினேன். உப்பளத்திலிருந்து மூன்று குப்பிகளில் மூன்று வகை நீர் எடுத்துவரச் செய்தேன். ஒன்று, கால்வாயில் வரும் கடல்நீர். மற்றொன்று, இடைப்பாத்தியில் காய்ந்துகொண்டிருக்கும் நீர். மூன்றாவது, உப்பு விளையும் கடைசிப் பாத்தியின் நீர். ஈர்க்கின் நுனியில் பஞ்சு சுற்றித் தூரிகையாக்கினோம். மூன்று நீராலும் மூன்று கோடுகள் இழுத்து வெயிலில் வைத்தோம். கடல்நீர்க் கோடு மங்கிய தடமாக நின்றது. இடைநீர்க் கோடு சற்றே வெளுத்தது. கடைசி நீரின் கோடோ பனி படர்ந்ததுபோல் வெள்ளை வெளேரென்று பூத்துவிட்டது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகளே கரைந்துள்ளன. உப்பளத்தில் அளக்கும் போமே டிகிரிக் கணக்கில் கடல்நீர் ஏறக்குறைய 3. அது காய்ந்து காய்ந்து 25-ஐ எட்டும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். இதை நான் பாடமாகச் சொல்லியிருந்தால் பிள்ளைகள் மறந்திருப்பர். தம் கோடு வெளுப்பதைக் கண்டவர்கள் மறக்கவில்லை. உப்பளம் அருகில் இல்லாதவர்கள், வெந்நீரில் கரையும் அளவுக்கும் கல்லுப்பைக் கரைத்து இதைச் செய்யலாம். கையில் புண் உள்ள பிள்ளைக்கு உப்புநீர் எரியும் என்பதை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள்.

அன்று நான் வகுப்பின்முன் நின்று, “சென்ற ஆண்டு உங்களுள் ஒருத்தி உப்பை வரைந்தாள், நான் தவறாகத் திருத்திவிட்டேன், பிழை என்னுடையது” என்றேன். அப்பெண் அப்போது நான்காம் வகுப்பு. அவள் ஒன்றும் கூறவில்லை. தலை நிமிரவும் இல்லை. சிறிது நேரம் சென்றபின் எழுந்து வந்து, “இன்னொரு கறுப்புத் தாள் இருக்கா சார்?” என்று கேட்டாள். அவள் தீட்டிய நீர் முதலில் கண்ணுக்கே தெரியவில்லை. தாளை முற்றத்தில் வைத்துக் காவல் இருந்தாள். வெயில் ஏற ஏறக் குவியல் குவியலாக உப்பு எழுந்தது. அதன் நடுவே கூடை சுமந்த பெண் ஒருத்தி கறுப்பாகவே நின்றாள். அப்பெண்ணின் இடத்தில் மட்டும் நீர் படாமல் விட்டிருந்தாள். அந்த வித்தையை நான் சொல்லித்தரவில்லை.

உப்பைக் கொண்டு வேறொன்றும் செய்யலாம். வெள்ளைத் தாளில் நீர்வண்ணம் தீட்டி, ஈரம் காயுமுன் கல்லுப்பைத் தூவுங்கள். உப்பு தன்னைச் சுற்றியுள்ள வண்ணநீரை ஈர்த்துக்கொள்ளும். காய்ந்தபின் உப்பைத் தட்டிவிட்டால் விண்மீன்போல் வெளிறிய புள்ளிகள் நிற்கும். பூதக்கண்ணாடியால் ஓர் உப்புக் கல்லைப் பார்க்கச் செய்யுங்கள். உருண்டையாக உப்பை வரைந்து வந்த பிள்ளைகள், அதன்பின் கட்டம் கட்டமாக வரைவார்கள்.

மூன்றாவது, கிழித்து ஒட்டுதல். லியோ லியோனி என்பவர் இரயிற் பயணத்தில் தம் பேரக் குழந்தைகளுக்குப் பொழுது போக்குவதற்காகத் தாளைக் கிழித்து ஒரு கதை சொன்னார். அது 1959-இல் நூலாயிற்று. அதில் ஒரு நீலத் துண்டும் ஒரு மஞ்சள் துண்டும் நண்பர்கள். ஒன்றையொன்று தழுவிப் பச்சையாகிவிடுவார்கள். முகமோ கையோ வரையாமல், வெறும் தாள் துண்டுகளே மாந்தராகிவிடுகின்றன. ‘வரைய வராது’ என்று அஞ்சும் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த மருந்து இல்லை. நாங்கள் பழைய நாட்காட்டித் தாளையும் மிட்டாய்க் காகிதத்தையும் சேர்த்து வைத்தோம். அரிசிக் கஞ்சியே பசை. நீல, மஞ்சள் மிட்டாய்க் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெயிலில் பிடித்தபோது பச்சை தோன்ற, வகுப்பே ஆரவாரித்தது. “உங்கள் குடும்பத்தைத் துண்டுகளால் அமையுங்கள்” என்றேன். யாரைப் பெரிதாகக் கிழித்தார்கள், யாரை ஓரத்தில் வைத்தார்கள் என்பதைப் பார்த்தே ஆசிரியர் ஒரு குழந்தையின் வீட்டை அறிந்துகொள்ளலாம். அறிந்ததை வெளியே பேசாதிருப்பதும் ஆசிரியர் கடமை.

நான்காவது, சுருள் படம். வங்காளத்தில் பட்டுவா எனப்படும் ஓவியர்கள் நீண்ட தாளில் கதையைத் தீட்டி, சுருளை அவிழ்த்துக்கொண்டே பாடிக் காட்டுவார்கள். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நம் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலையை, ஜாய்தேவ், மொய்னா சித்ரகார் இணையர் அவ்வாறு தீட்டினர். அதுவும் பின்னர்ச் சென்னையில் படநூலாக வந்தது. அந்த அலையைப் பற்றி வரையும்படி எந்தக் குழந்தையையும் நான் கேட்டதில்லை. துயரைத் தானாக வரைவது வேறு, கட்டளைக்கு வரைவது வேறு. நாங்கள் எடுத்துக்கொண்டது உப்பு விளையும் கதை. பன்னிரண்டு தாள்களைத் தைத்து நீளமாக்கினோம். பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்துவது முதல், நீர் பாய்ச்சி, காயவிட்டு, பலகையால் வாரி, கூடையில் சுமந்து, குவித்து, மழைக்கு அஞ்சி ஓலை வேய்வதுவரை ஒவ்வொரு குழுவும் ஒரு காட்சி தீட்டிற்று.

பள்ளி விழா நாளன்று அச்சுருள் சுவர் நெடுகத் தொங்கிற்று. உப்பளத்திலிருந்து தாய்மார் சிலர் வந்திருந்தனர். எப்போதும் வாயிற்படியோடு நின்றுவிடுபவர்கள் அவர்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் முதல் காட்சியிலிருந்து மெதுவாக நடந்து பார்த்துக்கொண்டே வந்தார். உப்பு வாரும் காட்சியில் நின்றார். “இப்பிடிப் பலகையை அழுத்தி வாரினா அடிச்சேறு கிளம்பிடும் சார், உப்பு கறுத்துப் பூடும். மேலோட தன் பக்கமா இழுக்கணும்” என்று சொல்லி, கையால் செய்தும் காட்டினார். பிள்ளைகள் ஓடிவந்து பார்த்தனர். அன்று மாலையே அக்காட்சி திருத்தி வரையப்பட்டது. ஒரு தாய் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திச் சென்ற நாள் அது. அவர் படித்தது எழுத்தையன்று, படத்தை. படநூல் இருக்கும் பள்ளியில் எழுத்தறியாத பெற்றோரும் வாசகரே.

இதற்கெல்லாம் நேரம் ஏது, பணம் ஏது என்று சிலர் கேட்பர். கறுப்புத் தாளைத் தவிர நாங்கள் வாங்கியது மிகக் குறைவு. அடுப்புக்கரி கறுப்பைத் தந்தது. செங்கற்பொடி சிவப்பைத் தந்தது. மஞ்சள்தூள் மஞ்சளையும், துணிக்குப் போடும் நீலம் நீலத்தையும் தந்தன. நேரத்தைப் பற்றிச் சொல்வதானால், சுருளின் ஒவ்வொரு காட்சிக்கும் பிள்ளைகள் இரண்டு வரி எழுதினார்கள்; சுருளை அவிழ்த்து வாயால் சொன்னார்கள். எழுத்தும் பேச்சும் கணக்கும் அறிவியலும் அதிலேயே அடங்கின. படநூல்களும் இன்று முன்போல் அரியனவல்ல. 1957-இல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்டும், 1996-இல் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகமும் தமிழில் படநூல்கள் தருகின்றன. ஊருக்கு ஒரு பெட்டி நூல் இருந்தால் போதும்.

ஒன்றை மட்டும் மிகைப்படுத்தாமல் சொல்லவேண்டும். படம் வரைந்ததனால் உப்பளத்தின் கூலி உயரவில்லை, வெயில் தணியவில்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மரக்காணத்துப் பாத்திகள் வெள்ளத்தில் மூழ்கின. அத்துயரைச் சித்திரம் தீர்க்கமுடியாது. ஆயினும், தன் ஊரும் தன் தாயின் உழைப்பும் தாளில் ஏறத் தகுந்தவை என்று ஒரு குழந்தை உணர்வது சிறிய செயலன்று. அவ்வுணர்வு உள்ள பிள்ளை பள்ளியைத் தனக்கு அந்நியமான இடமாகக் கருதாது.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினால், ‘இது என்ன கிறுக்கல்?’ என்று கேளாதீர்கள். ‘இது முடியவில்லையே’ என்றும் சொல்லாதீர்கள். “இதைப் பற்றிச் சொல்” என்று கேளுங்கள். அந்த ஒரு வார்த்தையை நான் என் பணிக்காலத்தின் பிற்பகுதியில்தான் கற்றேன். நீங்கள் இன்றே கற்றுக்கொள்ளலாம்.